ஊசியா, ஜெல்லா? அத்தானின் ரிப்போர்ட்டில் 55

வெள்ளவத்தையில் இருக்கும் என் அத்தானுக்கு வயது 53. காலை வேளையில் இருமுறை எடுத்த இரத்தப் பரிசோதனையில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹோர்மோனின் குறைவு உறுதியானதால், மூன்று வாரத்துக்கு ஒருமுறை அந்த ஹோர்மோன் ஊசி போட்டுவந்தார். நான்காம் மாத ரிப்போர்ட்டைச் சாப்பாட்டு மேசையில் விரித்தார். ஹீமாட்டோகிரிட் என்ற வரிக்கு நேரே 55.

“உடம்புக்கு ஒரு குறையும் இல்லையே, தம்பி” என்றார்.

குறை தெரியாது, அதுதான் என் பயம். இரத்தத்தில் செங்குழியங்கள் நூற்றுக்கு எத்தனை பங்கு என்பதே அந்த எண். அது கூடினால் இரத்தம் தடித்து, உறைந்து கட்டியாகலாம். 54ஐத் தாண்டினால் மருந்தை நிறுத்தி, எண் இறங்கிய பிறகே குறைந்த அளவில் தொடங்க வேண்டும் என்கின்றன மருத்துவ வழிகாட்டல்கள். ஊசி போட்ட சில நாட்களில் ஹோர்மோன் உச்சிக்கு ஏறி, அடுத்த ஊசிக்குள் சரிகிறது. செங்குழியங்கள் பெருகுவதும் ஊசியில்தான் அதிகம். தினமும் பூசும் ஜெல்லில் அந்த ஏற்ற இறக்கம் இல்லை. 10 முதல் 14 வாரத்துக்கு ஒருமுறை போடும் நீண்டகால ஊசியும் ஓரளவு சீரானதுதான். ஆனால் உள்ளே போன மருந்தைத் திரும்ப எடுக்க முடியாது. ஜெல்லை இன்று நிறுத்தினால் சில நாட்களில் அளவு இறங்கிவிடும்.

ஆகவே என் வாக்கு ஜெல்லுக்கே. அதற்காக ஜெல் போட்டால் இரத்தம் உறையாது என்று எவரும் நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. 2023இல் வெளியான டிராவர்ஸ் ஆய்வில், இதயநோய் உள்ள அல்லது அதற்கான ஆபத்து அதிகமுள்ள 5,246 ஆண்களில் ஒரு பாதிக்கு டெஸ்டோஸ்டிரோன் ஜெல், மறுபாதிக்கு மருந்தில்லாத வெற்று ஜெல். மாரடைப்பும் பக்கவாதமும் கூடவில்லை. ஆனால் நுரையீரலில் இரத்தக்கட்டி அடைத்தது மருந்து ஜெல்லில் 0.9 சதவீதம், வெற்று ஜெல்லில் 0.5. முன்பே காலில் இரத்தக்கட்டி வந்தவர்கள் இரத்தநோய் நிபுணரைக் காணாமல் இரண்டில் எதையும் தொட வேண்டாம்.

ஜெல்லுக்கு இன்னொரு சிக்கல், தோலோடு தோல் பட்டால் மற்றவருக்கும் ஒட்டிக்கொள்ளும். கொழும்பின் புழுக்கத்தில் வீட்டில் சட்டையில்லாமல் இருப்பது அத்தானின் வழக்கம். மடியில் எப்போதும் பேத்தி. இப்போது ஜெல்லுக்கு மாறிவிட்டதால், அவள் எழும்புமுன் தோளில் பூசி, காயவிட்டு, கைகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, சட்டை மாட்டிக்கொள்கிறார்.

இரத்தக்கட்டி வரும் ஆபத்து அதிகம் சிகிச்சையின் முதல் ஆறு மாதங்களில்தான். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி நொந்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ, விடியட்டும் என்று காத்திராமல் பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருக்கிறேன். அக்கா தினமும் இரவில் அவருடைய இரண்டு கால்களையும் அளவுநாடாவால் அளக்கிறாள். கடைசி ரிப்போர்ட்டில் 49.