இறக்கத்தில் ரிடார்டர்: நீண்ட காலப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு டிரெய்லர் ஓட்டுநரின் கருத்து

ரிடார்டர் என்பது சக்கர பிரேக்கைத் தொடாமல், எண்ணெயின் எதிர்ப்பால் வண்டியின் வேகத்தை அடக்கும் துணைப் பிரேக். அந்த எண்ணெயின் சூட்டை, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டுக்கு மாற்றுவது வெப்பப் பரிமாற்றி. அதில் கசிவு ஏற்பட்டு, ரிடார்டரின் எண்ணெய் கூலன்ட்டோடு கலந்துவிட்டதால் என் வண்டி பணிமனையில் நிற்கிறது. கூலன்ட் தொட்டியின் மூடியைத் திறந்தபோது மேலே பழுப்பு நிறக் குழம்பு படிந்திருந்தது; விரலால் தொட்டால் வழுக்கியது. எண்ணெய் பட்ட ரப்பர் குழாய்கள் உப்பித் தளர்ந்திருந்ததால் அவற்றையும் மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். இந்த நிலையில்தான், புதிதாக டிரெய்லர் லாரி வாங்கவிருக்கும் நண்பர் ஒருவர், கூடுதல் பணம் கொடுத்து ரிடார்டர் உள்ள வண்டியை எடுக்கலாமா என்று கேட்டார். இரண்டு வரியில் பதில் சொல்ல முடியாத கேள்வி என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அதன் பெருமையைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது உண்மையானது. முழு லோடுடன் நீண்ட மலைப்பாதையில் இறங்கும்போது, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருக்கும் நெம்புகோலை ஒவ்வொரு படியாக இழுக்க இழுக்க, வண்டி எந்த உதறலும் இல்லாமல் அடங்கி வருவதை உணர்ந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். வலது கால் ஓய்வாக இருக்கும். பிரேக்குக்கான காற்றழுத்தத்தைக் காட்டும் முள் அசையாமல் நிற்கும். அடிவாரத்தில் இறங்கிச் சக்கரங்களின் அருகே போனால் பிரேக் லைனிங் கருகிய வாடை வராது. முன்பெல்லாம் இறக்கம் முடிந்ததும் தோளும் கழுத்தும் இறுகிப்போயிருக்கும். ரிடார்டர் வந்த பிறகு அந்த இறுக்கம் போய்விட்டது. அசதி குறைந்த ஓட்டுநர் அடுத்த வளைவை முன்கூட்டியே பார்க்கிறார் என்பதால், இதை நான் வெறும் சொகுசாகக் கருதவில்லை.

அது சுமக்கும் வேலையின் அளவைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் புரியும். 40 டன் எடையுள்ள வண்டி, 6 சதவீதச் சரிவில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அது ஒவ்வொரு வினாடியும் ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம் கீழே வருகிறது. அந்த 40 டன்னும் வினாடிக்கு ஒரு மீட்டர் இறங்குவதால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 390 கிலோவாட்; அதாவது, ஒரு பெரிய லாரி எஞ்சின் முழு வேகத்தில் இழுக்கும் சக்திக்கு நிகரானது. டயர் உராய்வும் எதிர்க்காற்றும் அதில் சிறு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதி முழுவதும், இறக்கம் முடியும் வரை, எங்காவது வெப்பமாக மாறியே தீர வேண்டும். அதே சரிவில் 30 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால் ஒவ்வொரு வினாடியும் வெளியேற்ற வேண்டிய ஆற்றல் சரிபாதியாகிவிடும். இறக்கத்தைப் பற்றி ஓட்டுநர் தெரிந்துகொள்ள வேண்டியவற்றில் பாதிக்கு மேல் இந்த ஒரு கணக்கில் அடங்கியிருக்கிறது.

சக்கர பிரேக்குகளை மட்டும் நம்பினால் அந்த வெப்பம் முழுவதும், சக்கரத்தோடு சுழலும், லைனிங் அழுத்திப் பிடிக்கும் டிரம்களில் போய்ச் சேரும். டிரம் சூடானால் விரியும். விரிந்தால் லைனிங்கை விட்டு விலகும். விலகிய தூரத்தை எட்டுவதற்கு பிரேக் தண்டு கூடுதலாக நீள வேண்டும். அதற்கும் ஓர் எல்லை உண்டு. லைனிங்கின் பிடிப்பும் வெப்பத்தில் குறைந்துவிடும். இவற்றில் மிகவும் ஆபத்தானது, ஏர் பிரேக் மிதி இதைக் காலுக்குச் சொல்லாது என்பதுதான். காரில் பிரேக் திரவம் கொதித்தால் மிதி மெத்தென்று உள்ளே போகும். ஓட்டுநர் உடனே உணர்ந்துவிடுவார். லாரியின் மிதியோ காற்றைத் திறந்துவிடும் ஒரு வால்வு மட்டுமே. டிரம் எவ்வளவு சூடாக இருந்தாலும் மிதி காலுக்கு வழக்கம்போலவே இருக்கும்; வேகம் குறையாதபோதுதான் பிரேக் பிடிக்கவில்லை என்பது தெரியவரும். ரிடார்டர் இந்த வெப்பத்தைச் சக்கரங்களுக்குப் போகவிடாமல் எண்ணெயில் வாங்கி, கூலன்ட் வழியாக ரேடியேட்டருக்குக் கொண்டுபோய்க் காற்றில் விடுகிறது.

என் மனக்குறை தொடங்கும் இடமும் அதுதான். அந்த வெப்பத்தை வெளியேற்றும் ரேடியேட்டரும் கூலன்ட் பம்பும் விசிறியும் எஞ்சினுக்காக அமைந்தவை. பம்பும் விசிறியும் எஞ்சின் சுழலும் வேகத்தில்தான் இயங்குகின்றன. இறக்கத்தில் உயர்ந்த கியரில், எஞ்சின் ஏறக்குறைய சும்மா சுழன்றுகொண்டிருக்கும்போது ரிடார்டரை முழுப் படிக்கு இழுத்தால், வெப்பம் மட்டும் வெள்ளமாக வரும். அதை அள்ளி வெளியேற்ற ஆள் இருக்காது. கூலன்ட்டின் வெப்பம் எல்லையை நெருங்கியதும், எஞ்சினைக் காப்பாற்றுவதற்காக, கட்டுப்பாட்டுக் கணினி ரிடார்டரின் பிடியைத் தானாகக் குறைத்துவிடும். எஞ்சினைக் காப்பாற்ற வேண்டியதுதான். அதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. அது நடக்கும் விதத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. நெம்புகோல் இழுத்த இடத்திலேயே இருக்கும். டேஷ்போர்டில் ஒரு சிறிய மஞ்சள் விளக்கு எரியும். ஒலி எச்சரிக்கை என் வண்டியில் கிடையாது. பாதிச் சரிவில், வளைவை நோக்கிப் போகும் வேளையில், ஓட்டுநரின் கண் சாலையில்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும். வேகமானி ஏறத் தொடங்கும்போதுதான், பிடி தளர்ந்துவிட்டது என்பது அவருக்கு உறைக்கும். சீட் பெல்ட் போடாவிட்டால் விடாமல் அலறும் வண்டி, 40 டன்னைப் பிடித்திருக்கும் பிடி தளரும்போது வாய் திறக்காமல் இருப்பதை எத்தனை ஆண்டுகள் ஓட்டினாலும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. இதைச் சேவை மையத்தில் பல முறை சொல்லியும், வண்டி அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கிறது என்ற பதிலைத் தவிர வேறொன்றும் கிடைத்ததில்லை.

இதற்குத் தீர்வு ஓட்டுநரின் கையில் இருக்கிறது. இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்து, எஞ்சின் சுழற்சியை உயர்வாக, சிவப்புக் கோட்டைத் தொடாத அளவில் வைத்துக்கொண்டால், பம்பும் விசிறியும் முழு வீச்சில் இயங்கும். எஞ்சினையே பிரேக்காகப் பயன்படுத்தும் எஞ்சின் பிரேக்கும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். ரிடார்டரைப் பாதிப் படியில் வைத்தே இறங்கிவிடலாம். என் வண்டியில் தானியங்கி கியர்பாக்ஸ் இருக்கிறது. அதுவும் இறக்கத்தில் தானாகவே கியரைக் குறைக்கும், ஆனால் சூடு ஏறிய பிறகே குறைக்கும். ஆகவே மலை முகட்டுக்கு முன்பே நான் அதைக் கைமுறைக்கு மாற்றிவிடுகிறேன்.

ரிடார்டர் வந்த பிறகு பல ஓட்டுநர்களிடம் தேய்ந்துபோன பழக்கம் இதுதான். இறக்கத்தின் வேகம் முகட்டிலேயே முடிவாக வேண்டும். நெம்புகோல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் தைரியத்தில், சமதரையில் வந்த வேகத்தோடே சரிவுக்குள் நுழைந்து, பிறகு இழுத்துப் பார்க்கிறார்கள். கைமுறை கியர் வண்டியில் பழகியவர்களுக்கு இதன் ஆபத்து நன்றாகத் தெரியும்: சரிவில் வேகம் ஏறிவிட்டால் கீழ் கியர் விழாது, விழ வைக்க முயன்று நியூட்ரலில் மாட்டிக்கொண்டால், இருந்த எஞ்சின் பிடியும் போய்விடும். டீசல் மிச்சம் என்று வேண்டுமென்றே நியூட்ரலில் இறங்குபவர்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் என் கோபம் அடங்காது. கியரில் இருக்கும் வண்டியில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே, இறக்கத்தில் இன்றைய எஞ்சின் டீசலை அடியோடு நிறுத்திவிடுகிறது. நியூட்ரலில்தான் ஐட்லிங்குக்காக டீசல் எரிகிறது. மிச்சம் என்ற பேச்சே அங்கு பொருந்தாது. "ஏறிய கியரிலேயே இறங்கு" என்ற பழைய விதியையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. இன்றைய எஞ்சின்கள் வலுவானவை என்பதால் ஏற்றத்தை உயர்ந்த கியரிலேயே ஏறிவிடுகின்றன. உராய்வும் காற்றுத் தடையும் குறைந்துவிட்டதால் வண்டியும் முன்போலத் தானாக அடங்குவதில்லை. ஏறிய கியரைவிட இன்னும் கீழே இறங்க வேண்டியிருக்கும்.

ரிடார்டர் கைவிட்டாலும் இறங்கத் தெரிந்திருக்க வேண்டும். பாதுகாப்பான வேகம் 40 என்று முடிவு செய்தால், முள் 40-ஐத் தொட்டதும் பிரேக்கை உறுதியாக மிதித்து, 32 வாக்கில் வந்தவுடன் காலை முழுவதுமாக எடுத்துவிட வேண்டும். மறுபடி 40 வரும்போது மறுபடி மிதிக்க வேண்டும். இறக்கம் முழுவதும் லேசாக மிதித்துக்கொண்டே வருவது மென்மையாகத் தோன்றினாலும், குறைந்த அழுத்தத்தில் எல்லாச் சக்கரங்களும் ஒரே அளவில் பிடிப்பதில்லை. முதலில் பிடிக்கும் ஒன்றிரண்டு சக்கரங்களே எல்லா வேலையையும் செய்து முதலில் கருகும்.

இன்னொரு பக்கமும் உண்டு. பல ஆண்டுகள் ரிடார்டரிலேயே ஓட்டினால் சக்கர பிரேக்குகள் உழைப்பை மறந்துவிடுகின்றன. லைனிங் தேயாமல் இருப்பது செலவைக் குறைக்கிறது என்று மகிழ்ந்திருக்கும்போதே, அதன் முகம் கண்ணாடி போலப் பளபளத்துப் பிடிப்பை இழந்துவிடுகிறது. டிஸ்க்காக இருந்தால் துருப்பிடிக்கிறது. டிரெய்லரின் ஒரு சக்கரத்தில் பிரேக் வேலை செய்யாவிட்டாலும், மிதியையே தொடாத ஓட்டுநருக்கு அது தெரியவராது. அதனால் ஒவ்வொரு பயணத்திலும், பின்னால் யாரும் இல்லாத சமதரையில், ரிடார்டரை அணைத்துவிட்டுச் சில முறை பிரேக்கை அழுத்திப் பிடித்துப் பார்க்கிறேன். வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா என்று கவனிக்கிறேன்.

மழையில் இதன் குணமே வேறு. என்னுடைய ரிடார்டர் கியர்பாக்ஸின் பின்னால் இருப்பதால் இயக்கும் அச்சின் சக்கரங்களை மட்டுமே பிடிக்கும், டிரெய்லரைப் பிடிக்காது. காலி வண்டியில் அந்த அச்சின் மேல் பாரம் குறைவு. ஈரச் சாலையில், வளைவில், முழுப் படியில் இழுத்தால் அந்தச் சக்கரங்கள் வழுக்கும். பிடிபடாத டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளும். வண்டி நடுவில் மடிந்துவிடும். சக்கரம் வழுக்குவதை உணர்ந்தால் ஏ.பி.எஸ். ரிடார்டரை விடுவிக்கும் என்றாலும், அதை நம்பிக்கொண்டு இழுத்துப் பார்ப்பது கூடாது. வழுக்கும் சாலையில் ரிடார்டரை அணைத்துவிட்டு மெதுவாகப் போவதே முறை.

கார் ஓட்டுபவர்களிடமும் ஒரு வேண்டுகோள். இறக்கத்தில் லாரிக்கு முன்னால் தெரியும் இடைவெளி, யாரோ வந்து நிரப்பட்டும் என்று விட்ட இடம் அல்ல. அந்த 40 டன் நிற்பதற்குத் தேவையான தூரம் அது. அதற்குள் நுழைந்து உடனே பிரேக் பிடித்தால், ரிடார்டரால் அந்தக் கணத்தில் எதுவும் செய்ய முடியாது. எண்ணெய் நிரம்பிப் பிடி ஏற ஒரு நொடி பிடிக்கும். மெதுவான வேகத்தில் அதன் பிடி அநேகமாக இல்லாமலே போகும். வண்டியை நிறுத்த வேண்டியது எப்போதும் சக்கர பிரேக்தான். லாரிக்குப் பின்னால் வருபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: என் வண்டியில் முதல் படியை இழுக்கும்போது பிரேக் விளக்கு எரியாது. அதனால் பின்னால் ஒட்டி வருபவரைக் கண்ணாடியில் பார்த்தால், வேகம் குறையப்போகிறது என்று தெரிவிக்க மிதியை லேசாகத் தொட்டு விளக்கை எரியவிடுகிறேன்.

எஞ்சின் பிரேக்கின் கதை இங்கே நினைவுக்கு வருகிறது. 1931-இல் டீசல் லாரியில் அமெரிக்காவைக் குறுக்காகக் கடந்த, கம்மின்ஸ் எஞ்சின் நிறுவனத்தைத் தொடங்கிய கிளெஸ்ஸி கம்மின்ஸ், கலிஃபோர்னியாவின் கஹோன் கணவாயில் இறங்கும்போது பிரேக் பிடிக்காமல், ரயில் பாதைக் கடவில் சரக்கு ரயிலிடமிருந்து மயிரிழையில் தப்பினார். எஞ்சினையே பிரேக்காக மாற்றும் எண்ணம் அவருக்கு அந்த அனுபவத்திலிருந்து பிறந்தது. ஜேக்கப்ஸ் நிறுவனம் 1961-இல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ரிடார்டரைவிட அதன் ஓசை அதிகம், பெரும்பாலும் பிடியும் குறைவு. ஆனால் சுழற்சி உயர்ந்தால்தான் அதன் பிடி உயரும் என்பதால், அது ஓட்டுநரைக் கீழ் கியருக்குப் போக வைக்கிறது. தளர்ந்தால் சத்தம் மாறும்; காது உடனே அறிந்துகொள்ளும். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆகவே நண்பருக்கு என் பதில்: இப்போதைக்கு வேண்டாம். இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்வது முரணாகத் தெரியலாம். பணிமனையில் நிற்கும் வண்டி என் மனநிலையைக் கெடுத்திருப்பதும் உண்மைதான். ஆனால் அவர் அந்த வண்டியைத் தானே ஓட்டப்போவதில்லை. கனரக வாகன உரிமம் எடுத்து அதிக நாள் ஆகாத இளைஞர்களிடம் கொடுக்கப்போகிறார். நல்ல எஞ்சின் பிரேக் உள்ள வண்டியை வாங்கி, அவர்களுக்கு ஓர் அனுபவசாலியைப் பக்கத்தில் உட்காரவைத்து, முகட்டில் கியரைக் குறைத்து இறங்கப் பழக்கட்டும். அது கைவந்தவர்களுக்கு அடுத்த வண்டியில் ரிடார்டரைத் தாராளமாகக் கொடுக்கலாம். அப்போதும் வாங்குவதற்கு முன் வெப்பப் பரிமாற்றிக்கு உத்தரவாதம் எவ்வளவு காலம் என்பதையும், பிடி தளரும்போது வண்டி ஒலி எழுப்புமா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். என் வண்டியைப் பொறுத்தவரை, ரிடார்டரைக் கழற்றிவிடலாமா என்று மெக்கானிக் கேட்டார். சரிசெய்து, கூலன்ட் வழி முழுவதையும் எண்ணெய்ப் பசை போகக் கழுவித் தரும்படி சொல்லியிருக்கிறேன்.