தாடை நீர்க்கட்டி அறுவையும் ஆரோக்கிய சஞ்சீவனி பாலிசியும்: எங்கள் அனுபவம்

ஆரோக்கிய சஞ்சீவனி என்ற மருத்துவக் காப்பீட்டு பாலிசி 2020 ஏப்ரலில் அறிமுகமானது. அந்த ஆண்டே எடுத்து, இடைவெளியின்றிப் புதுப்பித்து வருகிறோம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்த பொதுப் பாலிசி என்பதால் எந்த நிறுவனத்தில் வாங்கினாலும் அடிப்படை விதிகள் ஒன்றே. பிரீமியமும் சேவையும்தான் மாறும். விபத்தில் அடிபட்டாலொழியப் பல் சிகிச்சையை ஏற்காத பாலிசிகள் பல இருக்க, நோயினால் தேவைப்படும் பல் சிகிச்சையையும் இது ஏற்கிறது. ஆனால் மருத்துவமனையில் சேர்ந்தோ, அன்றே வீடு திரும்பும் டே கேர் முறையிலோ செய்திருக்க வேண்டும். கிளினிக்கில் பல் பிடுங்குவதற்கும் வேர் சிகிச்சைக்கும் பணம் கிடையாது.

சென்ற ஆண்டு என் மனைவியின் கீழ்த்தாடையில், முளைக்காமல் எலும்புக்குள் புதைந்திருந்த ஞானப்பல்லைச் சுற்றி நீர்க்கட்டி இருப்பது, தாடை முழுவதையும் ஒரே படத்தில் காட்டும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரேயில் தெரிந்தது. பல்லையும் கட்டியையும் முழு மயக்கத்தில் சேர்த்தே எடுக்க வேண்டும் என்றார் முகத்தாடை அறுவை நிபுணர். மருத்துவமனைக்கு நிறுவனமே நேரடியாகப் பணம் கட்டும் கேஷ்லெஸ் வசதிக்கான விண்ணப்பத்தில் 'பல் அகற்றுதல்' என்று மட்டும் எழுதி அனுப்பப்பட்டதால், காப்பீட்டு நிறுவனம் மறுத்துவிட்டது. பணத்தை நாங்களே கட்டிவிட்டு, அதைத் திரும்பப் பெற வீடு திரும்பிய 30 நாட்களுக்குள் தரவேண்டிய ரீஇம்பர்ஸ்மென்ட் விண்ணப்பத்தைத் தயாரித்தோம். நோயின் பெயர், கட்டியின் அளவு, மயக்கம் கொடுத்த முறை ஆகியவற்றை மருத்துவர் டிஸ்சார்ஜ் சம்மரியில் விரிவாக எழுதித் தந்தார். திசுப் பரிசோதனை அறிக்கையையும் இணைத்தோம். சிகிச்சை மாறவில்லை, தாளில் இருந்த விவரம்தான் மாறியது, இம்முறை ஏற்றுக்கொண்டார்கள்.

பாலிசி பழையதாக இருந்ததும் கைகொடுத்தது. எந்த வகை நீர்க்கட்டிக்கும் இதில் 24 மாதக் காத்திருப்புக் காலம் உண்டு. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இதே அறுவைக்கு ஒரு ரூபாயும் வந்திருக்காது. அனுமதிக்கு முந்தைய 30 நாட்களுக்குள் எடுத்தது என்பதால் எக்ஸ்ரே செலவும் கிடைத்தது. பாலிசியில் சேராத கையுறை முதலியவற்றின் செலவைக் கழித்து, எஞ்சியதில் நம் பங்கான 5 சதவீதத்தையும் பிடித்தார்கள்.

எனக்கு மனத்தாங்கல் ஒன்றுண்டு. கட்டி அரித்திருந்த பக்கத்துக் கடைவாய்ப்பல்லுக்குப் பின்னர் கிளினிக்கில் செய்த வேர் சிகிச்சையை, வீடு திரும்பியபின் 60 நாட்களுக்குள் செய்த தொடர் சிகிச்சை என்று காட்டியும், அது தனிப் பல் சிகிச்சை என்று ஒதுக்கிவிட்டார்கள். காரணம் ஒரே கட்டிதான் என்று மருத்துவர் கடிதம் கொடுத்திருந்தும் இப்படிச் சொன்னதை நான் நியாயமாகக் கருதவில்லை. ஆயினும் தொகை சிறிது என்பதால் காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர் வரை போகவில்லை.