முழு கிளையன்ட்டா, டைப் மட்டும் போதுமா?

ஓப்பன்ஏபிஐ ஸ்பெக் (ஒரு ஏபிஐ என்ன வாங்கும், என்ன தரும் என்று விவரிக்கும் ஃபைல்) கையில் இருக்கும்போது, அந்த ஏபிஐயை அழைக்கும் கிளையன்ட் கோடை உட்கார்ந்து கையால் எழுதுவது வீண் வேலை. எவ்வளவு தூரம் ஜெனரேட் செய்வது என்பதில்தான் குழப்பம். ஓப்பன்ஏபிஐ ஜெனரேட்டர், 2018-இல் ஸ்வாகர் கோட்ஜென்னிலிருந்து பிரிந்து வந்தது. மாடல், ஏபிஐ கிளாஸ், ஜேசன் மாற்றம் என்று முழு கிளையன்ட்டையே கொட்டிவிடும். ஓப்பன்ஏபிஐ-டைப்ஸ்கிரிப்ட் அப்படியில்லை. டைப்களை, அதாவது டேட்டாவின் வடிவத்தைச் சொல்லும் டைப்ஸ்கிரிப்ட் வரையறைகளை, மட்டும் ஒரே ஃபைலில் தரும். அழைப்புகளுக்கு ஓப்பன்ஏபிஐ-ஃபெட்ச் என்ற சின்ன லைப்ரரியைச் சேர்த்துக்கொள்ளலாம். எங்கள் ஃப்ரன்ட்எண்டில் முதலாவதை நீக்கிவிட்டு இரண்டாவதற்கு மாறினோம்.

ஜெனரேட்டரை என்பிஎம் வழியாகப் போட்டாலும் ஜாவா வேண்டும். சரி, ஒருமுறை செட்டப் செய்தால் முடிந்தது. ஆபரேஷன்ஐடி (ஒவ்வொரு அழைப்புக்கும் ஸ்பெக்கில் வைக்கும் பெயர்) இல்லாத ஸ்பெக்கில் 'ஆர்டர்ஸ்ஐடிகெட்' மாதிரி ஃபங்ஷன் பெயர்கள் வரும். பேக்எண்ட் டீமிடம் சொல்லி ஐடி போட வைத்தால் அதுவும் தீர்ந்துவிடும்.

தீராதது டிஃப், அதாவது பழைய கோடுக்கும் புதியதுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும் பட்டியல். ஆர்டரில் 'டிஸ்கவுன்ட்' என்ற ஃபீல்டு கட்டாயமாக இருந்தது, இனி வராமலும் போகலாம் என்று ஸ்பெக்கில் மாறுகிறது என்று வையுங்கள். டைப் ஃபைலில் 'வராமலும் போகலாம்' என்பதைக் குறிக்கும் ஒரு கேள்விக்குறி கூடும், அவ்வளவுதான். ரிவ்யூ செய்பவர் கண்ணில் அது உடனே படும். முழு கிளையன்ட்டில் அதே மாற்றம் இன்டர்ஃபேஸிலும் வரும், ஜேசனைப் படிக்கும் ஃபங்ஷனிலும் வரும். அது போகட்டும். ஜெனரேட்டர் கிட்டத்தட்ட ஒவ்வொரு ஃபைலின் தலையிலும் ஸ்பெக்கின் வெர்ஷன் எண்ணைக் கமென்ட்டாக எழுதி வைக்கிறது. பேக்எண்டில் எண்ணை ஏற்றினாலே கிட்டத்தட்ட எல்லா ஃபைலும் மாறியதாகக் காட்டும். அந்தக் குவியலுக்குள் டிஸ்கவுன்ட்டை யார் தேடுவது? ஸ்க்ரோல் செய்துவிட்டு அப்ரூவ் கொடுத்துவிடுவார்கள். ஜெனரேட்டர் கோடை வார்க்கும் அச்சான மஸ்டாஷ் டெம்ப்ளேட்டைத் திருத்தி அந்தக் கமென்ட்டை நீக்கலாம்தான். ஆனால் அப்புறம் ஜெனரேட்டரை அப்கிரேட் செய்யும்போதெல்லாம், நாம் திருத்திய டெம்ப்ளேட்டைப் புதியதோடு ஒப்பிட்டுச் சேர்ப்பது நம் தலையில் விழும். (ஜெனரேட் ஆன கோடை, மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட்டில் (Git) போடாமலே விடலாம் என்பார்கள். அப்போது மாற்றம் ரிவ்யூவுக்கே வராது.)

டைப் மட்டும் எடுப்பதற்கு விலையும் உண்டு. ஜெனரேட்டர் உருவாக்கும் டைப்ஸ்கிரிப்ட்-ஃபெட்ச் வகை கிளையன்ட் தேதிகளை டேட் ஆப்ஜெக்ட்டாகவே மாற்றித் தரும். டைப் மட்டும் எடுத்தால் ஸ்ட்ரிங்தான் (வெறும் எழுத்து வரிசை) கிடைக்கும், மாற்றுவது நம் வேலை. சர்வர் ஸ்பெக்கை மீறி எதையாவது அனுப்பினால் டைப் ஃபைல் அதைப் பிடிக்காது. ரன்டைமில், அதாவது கோடு ஓடும்போது, டைப்கள் இருப்பதே இல்லை.

ஒரே ஸ்பெக்கிலிருந்து பல புரோகிராமிங் மொழிகளுக்கு எஸ்டிகே (மற்ற டெவலப்பர்கள் பயன்படுத்தும் கிளையன்ட் லைப்ரரி) வெளியிடுபவர்களுக்கு ஓப்பன்ஏபிஐ-டைப்ஸ்கிரிப்ட் உதவாது, முழு ஜெனரேட்டர்தான். கோட்லினில் அதைச் சின்ன ப்ராஜெக்ட்டில் மட்டுமே ஓட்டியிருக்கிறேன், தொந்தரவு இல்லை. பெரிய ஸ்பெக்கிலும் அப்படித்தான் இருக்கும் என்று உறுதி தர மாட்டேன். எப்படியும் அதைத்தான் எடுப்பதென்றால் ஜெனரேட்டரின் வெர்ஷனைக் கான்ஃபிக் ஃபைலில் பூட்டிவிடுங்கள். அப்கிரேடையும் ஸ்பெக் மாற்றத்தையும் ஒரே கமிட்டில் போடாதீர்கள்.