உருளும் கனிக்கொத்தா, சிவந்த சதைக்கனியா?

அமரில்லிஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஆப்பிரிக்கக் குமிழச் செடிகள் (வெங்காயம் போன்ற அடிக்கிழங்கு உடையவை) பலவற்றின் விதை, ஈரம் உலராத பச்சை விதையாகவே கனியிலிருந்து வெளிப்படுகிறது. அதை உலர்த்திச் சேமித்து வைக்க இயலாது. காத்திருக்கத் தெரியாத இத்தகைய விதையை உரிய மண்ணில் சேர்ப்பதற்கு, பூஃபோன் டிஸ்டிகாவும் ஸ்கேடாக்ஸஸ் மல்டிஃப்ளோரஸும் நேரெதிரான வழிகளைக் கைக்கொண்டுள்ளன.

பூஃபோன், தென்னாப்பிரிக்கா முதல் கென்யா, உகாண்டா வரையுள்ள புல்வெளிகளிலும் பாறைச் சரிவுகளிலும் வளர்கிறது. அதன் குமிழத்தில் பெரும்பகுதி மண்ணுக்கு மேலேயே நிற்க, அதைச் சுற்றி அடுக்கடுக்காகப் படிந்த காய்ந்த செதில்கள் புல்வெளித் தீயையும் வறட்சியையும் தாங்கிக்கொள்கின்றன. ஜூலை முதல் அக்டோபர் வரை, பெரும்பாலும் இலைகளுக்கு முன்பாகவே பூ வந்துவிடுகிறது. பூக்கும்போது நெருங்கிய உருண்டையாக இருக்கும் கொத்து, பூ வாடிய பின்தான் தன் வேலையைத் தொடங்குகிறது: காம்புகள் ஏறத்தாழ 30 செ.மீ. வரை நீண்டு, விறைத்து, எல்லாத் திசையிலும் விரிய, ஒவ்வொன்றின் நுனியிலும் முப்பட்டையான காய் ஒன்று நிற்கும். தண்டு ஒடிந்ததும் முழுக் கொத்தும் காற்றில் உருண்டோடி, வழிநெடுக விதைகளை உதிர்க்கிறது. கோடை மழை பெறும் பகுதிகளில் அது மழை தொடங்கும் காலம் என்பதால், விதையின் அவசரம் அங்கே குறையாகத் தெரிவதில்லை.

காட்டு நிழலில் இந்த உத்தி பலிக்காது. உருளும் கொத்து முதல் புதரிலேயே சிக்கி நின்றுவிடும். அங்கு வளரும் ஸ்கேடாக்ஸஸ், சிறிய சிவந்த சதைக்கனிகளைப் பல மாதங்கள் ஏந்தி நின்று, சதையைத் தின்று விதையைப் போட்டுவிட்டுச் செல்லும் பறவைகளையும் குரங்குகளையும் நம்புகிறது. குமிழம் மண்ணுக்குள் மறைந்திருக்கும். மெல்லிய அகன்ற இலைகளின் அடிப்பகுதிகள் வாழையைப் போல ஒன்றையொன்று சுற்றிப் பொய்த்தண்டாக எழும். (நாம் தொட்டியில் வளர்க்கும் ஃபுட்பால் லில்லி இதுவே, மே மாதத்துச் சிவப்பு உருண்டையை ரசிக்கும் அளவுக்கு அதன் கனியை யாரும் கவனிப்பதில்லை.)

வடிவமைப்பின் துணிச்சலில் என் மதிப்பெண் பூஃபோனுக்கே. விதையிலிருந்து வளர்க்க விரும்புவோருக்கோ ஸ்கேடாக்ஸஸ்தான் உகந்தது: சதையைக் கழுவி நீக்கி, விதையை ஈரமண்ணின் மேல் லேசாக அழுத்தி வைத்தால், சில ஆண்டுகளில் பூவைப் பார்க்கலாம், பூஃபோன் நாற்று பூக்கப் பத்து ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம். நஞ்சு இரண்டிலும் உண்டு. பூஃபோன் குமிழத்தை, ஆப்பிரிக்காவின் தென்பகுதிப் பழங்குடியினரான சான் மக்கள் அம்பு நஞ்சுக்கே பயன்படுத்தினர். ஆயினும் குழந்தைகள் உள்ள வீட்டில், பழம்போல் மின்னும் ஸ்கேடாக்ஸஸ் கனியையே முதலில் கைக்கெட்டாமல் வைக்க வேண்டும்.