வன்னிக்குப் பீகிள் நாய் சரிவருமா?

பீகிள் வாங்கலாமா என்று எங்கள் பக்கத்தில் இப்போது பலர் கேட்கிறார்கள். கொழும்பில் வளர்ப்பவர்கள் சொல்வதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். அங்கே அது மதிலுக்குள் வளர்கிறது. நாங்கள் வளர்ப்பது மாங்குளத்துக்கு உள்ளே, கதியால் வேலி போட்ட வளவில். வேலிக்கு அந்தப் பக்கம் கச்சான் தோட்டம், அதற்கப்பால் பாலைமரக் காடு.

குணத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இங்கிலாந்தில் முயல் வேட்டைக்குக் கூட்டமாக வைத்து வளர்த்த இனம் இது. வேட்டைக்காரர் குதிரையில் போகாமல் நடந்தே பின்தொடர்வார்கள். கூட்டத்தோடு கிடந்து பழகிய நாய் என்பதால் சண்டைக்கு நிற்காது. எங்கள் ஜிம்மி வந்த கொஞ்ச நாளிலேயே வீட்டு ஊர் நாய்களோடு ஒரே கோப்பையில் தின்றது. பிள்ளைகள் காதைப் பிடித்து இழுத்தாலும் உறுமாது. ஆனால் தனிமை ஆகாது. பகல் முழுக்க ஆளில்லாத வீட்டில் இதைக் கட்டிப்போடுவது பெரிய கொடுமை.

காவலுக்கு? அதற்கு ஊர் நாயே போதும். "ஆரைக் கண்டாலும் வாலை ஆட்டுது, தம்பி" என்று அம்மா சொல்வது முழு உண்மை.

இனி மூக்குக்கு வருவோம். முதல் மழை விழுந்த காலையில் ஜிம்மியைப் பார்க்க வேண்டும். மூக்கு நிலத்தில் பட்டால் பிறகு பெயர் சொல்லிக் கூப்பிட்டும் பயனில்லை. கச்சான் செடிக்கு மேலே வாலின் வெள்ளை நுனி மட்டும் தெரியும். முயல் போன தடம் பிடிபட்டதும் ஒரு நீண்ட குரல் எடுக்கும். அது குரைப்பும் இல்லை, ஊளையும் இல்லை. அந்தக் குரல் எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

அதற்காக வேலிக்கு வெளியே கயிறில்லாமல் விடவே கூடாது. காட்டோரத்தில் பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பி இருக்கும், கயிறு தட்டினால் சுடும் கட்டுத்துவக்கு இருக்கும், கடித்தால் வெடிக்கும் பன்றிவெடி இருக்கும். கண்ணிவெடி அகற்றி முடியாத இடத்தில் நட்ட மண்டையோட்டுப் பலகை நாய்க்கு விளங்காது. நாயைத் தேடி ஓடப்போவது உங்கள் பிள்ளை. இதை நினைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பக்கத்து வளவு அண்ணை ஒருநாள், "உடும்புக்கு விட்டால் நல்லாய் வேலை செய்யும், தம்பி" என்றார். "வேண்டாம் அண்ணை, வளர்க்கத்தான் கொண்டுவந்தனாங்கள்" என்று சொல்லிவிட்டேன். உடும்பு பிடிப்பது சட்டப்படியும் குற்றம். வேட்டையாடாமலே இந்த நாயைச் சந்தோசமாக வைத்திருக்கலாம். வளவுக்குள் அவித்த மீன் துண்டுகளை ஒளித்து வைத்துத் தேட விடுங்கள். விடிய வெயில் ஏற முதல் நீளக் கயிற்றில் கட்டி, அது மணந்து மணந்து போகிற வழிக்கே நடவுங்கள்.

தின்னும் ஆசை இதற்கு அளவில்லை. 1984இல் லொஸ் ஏஞ்சல்ஸ் விமான நிலையத்தில் பயணிகளின் பொதிகளை மோப்பம் பிடிக்கப் பீகிளைத்தான் நிறுத்தினார்கள். நல்ல மூக்கு, ஆட்களை வெருட்டாத உருவம், தீனிக்காக எதையும் பழகும் குணம் என்று மூன்றும் ஒன்றாய் அமைந்த நாய். ஆனால் வீட்டில் அந்த ஆசைக்கு இடம் கொடுத்தால் கொழுத்துவிடும். ஏறத்தாழ 10 கிலோதான் நிற்க வேண்டும். மிஞ்சிய கறியை ஊற்றிச் சோறு வைக்காதீர்கள், வெங்காயம் நாய்க்கு நஞ்சு. அவித்த மீனும் சோறும் உப்பில்லாமல் கொடுத்தால் போதும்.

தொங்குகிற காதுக்குள் காற்றுப் போகாது. மாரியில் ஈரம் நின்று சீழ் வைக்கும், ஆகவே குளித்ததும் துடைத்துவிட வேண்டும். உண்ணி அதைவிட மோசம். பல் முரசு வெளிறி, சிறுநீர் கடும் நிறமாகி, சாப்பாட்டைப் பார்த்தும் படுத்துக் கிடந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். அடுத்த நாள் பார்ப்போம் என்று விடாமல் உடனே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். சாப்பாட்டை மறுக்கிற பீகிளுக்குக் கட்டாயம் ஏதோ வருத்தம் இருக்கும்.

கவனமாகப் பார்த்தால் 12 முதல் 15 வருடம் வரை இருக்கும். என் தங்கச்சியும் ஒரு குட்டி வேண்டும் என்று நிற்கிறாள். கதியாலுக்கு உட்பக்கமாகக் கம்பிவலை அடித்து, அடிப்பக்கத்தை ஒரு அடி ஆழத்துக்கு மண்ணில் புதைத்து முடித்தால்தான் தேடித் தருவேன் என்று சொல்லியிருக்கிறேன். பீகிள் கிண்டும்.