முட்டிவலிக்காரியும் போகலாம்: செக்கோயா மரக்காட்டில் ஒரு நடை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மலையேறுகிற ஆள் இல்லை. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பத்தொன்பது வருஷம் பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவியவள். இப்போது வயது 63. வலது முட்டியை மடக்கினால் துருப்பிடித்த கதவு மாதிரி சத்தம் வரும். மகள் கலிபோர்னியாவில் ஃபிரெஸ்னோ என்ற ஊரில் வேலை பார்க்கிறாள். போன ஜூனில் என்னையும் என் நாத்தனாரையும் செக்கோயா தேசியப் பூங்காவுக்குக் கூட்டிப்போனாள். "ஏன் அண்ணி, ஆயுசு பூரா மரத்தையே பார்த்தாச்சு. இவ்வளவு தூரம் பறந்து வந்து இங்கேயும் மரமா?" என்று நாத்தனார் காரில் ஏறும்போதே கேட்டுவிட்டார்.

ஊர் திரும்பியதிலிருந்து காய்கறி வாங்கப் போனாலும் கோவிலுக்குப் போனாலும் ஒரே கேள்விதான்: "நம்மால அங்கே நடக்க முடியுமாக்கா?" முடியும். எந்தப் பாதையில் ஆரம்பிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நாங்கள் தப்பான பாதையில் ஆரம்பித்தோம்.

எல்லோரையும் போல நேராக ஜெனரல் ஷெர்மன் மரத்துக்குத்தான் போனோம். அதுவும் ஒரு செக்கோயாதான், கனஅளவில் உலகத்திலேயே பெரிய மரம். கார் நிறுத்துகிற இடத்திலிருந்து 800 மீட்டர், நல்ல தார்ப்பாதை, நடுநடுவே படி, உட்கார பெஞ்சு. போகும்போது இறக்கம் என்பதால் பேசிச் சிரித்துக்கொண்டே இறங்கிவிட்டோம். வினை திரும்பும்போதுதான். இறங்கின 60 மீட்டரையும் ஏற வேண்டும். அடுக்குமாடியில் லிஃப்ட் கெட்டுப்போய் இருபது மாடி ஏறுவதற்குச் சமம். அதோடு அந்தக் காடு இருப்பதே கடல்மட்டத்துக்கு 2,000 மீட்டர் மேலே. நம் கேமரன் மலையில் தானா ராத்தாவே 1,500 மீட்டருக்குள்தான். நாலு அடி வைத்தால் மூச்சு வாங்கியது. வழியில் இருந்த ஒரு பெஞ்சையும் நான் விடவில்லை.

மேலே வந்து சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, கோடைகாலத்தில் இலவச பேருந்து ஓடுகிறது, அது மரத்துக்குக் கீழே நெடுஞ்சாலை ஓரத்திலும் நிற்கிறது என்று. அங்கிருந்து மரத்துக்கு ஏற்றமில்லாத தனிப்பாதை உண்டு. நடந்து இறங்கி, பேருந்தில் ஏறி மேலே வந்திருக்கலாம். மகளை இன்னும் நான் முழுதாக மன்னிக்கவில்லை.

மரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமே. பால்மரம் 50 சென்டிமீட்டர் சுற்றளவு வந்தால் சீவ ஆரம்பிப்போம். இருபத்தைந்து, முப்பது வருஷத்தில் அதன் கதை முடிந்தது, சாய்த்துவிட்டு மறுநடவு. ஷெர்மனுக்கு அடிமரச் சுற்றளவு 31 மீட்டர், வயது சுமார் 2,200 வருஷம். அண்ணாந்தால் முதல் பெரிய கிளையே 40 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. கோலகங்சாரில் 1877-ல் நட்ட பால்மரத்தில் ஒன்று இன்னும் நிற்கிறதே, அதைத்தான் இத்தனை நாள் நான் கிழட்டு மரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் ஷெர்மனைச் சுற்றி வேலி. பெயர்ப்பலகைக்கு முன்னால் படம் எடுக்க வரிசை. தொட முடியாது, நின்று நிதானமாகப் பார்க்கவும் முடியாது. இன்னொன்று, உயரத்தில் ஷெர்மன் நம்மை ஜெயிக்கவில்லை. அது 83.8 மீட்டர், சபாவில் டானும் பள்ளத்தாக்கில் நிற்கிற மெனாரா என்ற மெராந்தி மரம் 100.8 மீட்டர். நாத்தனாரிடம் சொன்னதும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

சாப்பிட்டு ஓய்வெடுத்த பிறகு 'பெரிய மரங்கள் பாதை'க்குப் போனோம். காலையிலேயே இங்கே வந்திருக்க வேண்டும். அருங்காட்சியகத்திலிருந்து புறப்பட்டு, ஒரு புல்வெளியை வட்டமாகச் சுற்றி வருகிற சமதளப் பாதை. ஈரமான இடங்களில் மரப்பலகை போட்டிருக்கிறார்கள். சக்கர நாற்காலியில் ஒரு பாட்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள், அவ்வளவு சுலபம். ஆடி அசைந்து போனாலும் ஒரு மணி நேரம். புல்வெளி நடுவில் ஒரு மரம்கூட இல்லை, ஓரத்தில் மட்டும் ராட்சதர்கள் சுற்றி நிற்கிறார்கள். நடுவில் தண்ணீர் தேங்கும், வேருக்கு ஆகாது. ஓரத்தில் வேண்டிய ஈரம் கிடைக்கும், அதனால்தான். வழியில் இருக்கிற பலகைகளை மகள் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

பாதையை ஒட்டியே நின்ற ஒரு மரத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்தேன். பழக்கதோஷம். பால்மரத்துப் பட்டை ஒரு சென்டிமீட்டர் இருந்தால் அதிகம். அதில் ஒன்றரை மில்லிமீட்டர்தான் சீவ வேண்டும். உளி கொஞ்சம் ஆழமாக இறங்கி மரத்தில் காயம் பட்டால், மறுநாள் பெரட்டில், அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும்போது, எல்லார் முன்னாலும் எங்களை மேய்க்கிற தண்டல் கத்துவார். இந்தப் பட்டை, தேங்காய்நார் மெத்தை மாதிரி விரலை உள்ளே வாங்கி மெதுவாகத் திருப்பி அனுப்புகிறது. கறுவாப்பட்டை நிறம், நார் நாராக நீளக் கோடுகள். முதிர்ந்த மரத்தில் இரண்டடி கனம்கூட இருக்குமாம். பிசின் குறைவு, துவர்ப்புச் சத்து அதிகம், ஆகவே தீயோ பூச்சியோ லேசில் உள்ளே போகாது. நாத்தனார் ஒரு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு, "பால் வருமா அண்ணி?" என்றார்.

பல மரங்களின் அடியில் கருகின வடு இருக்கிறது. ஒன்றில் குகை மாதிரியே ஒரு பொந்து. எங்களுக்குத் தீ என்றால் மறுநடவுக்கு முன்னால் சாய்த்த மரங்களை எரிப்பது, அவ்வளவுதான். இங்கே தீ வந்தால்தான் புதுக் கன்று வருகிறது. காய் கோழிமுட்டை அளவுதான். அதுவும் மரத்திலேயே இருபது வருஷம் வரை பச்சையாக மூடிக் கிடக்கும். தீயின் சூடு மேலே போய்க் காயை உலர்த்த, அது வெடித்து ஓட்ஸ் உமி மாதிரி விதை உதிரும். கீழே சருகு எரிந்து வெறும் மண் தெரிந்தால்தான் அது பிழைக்கும். இது தெரியாமல் வருஷக்கணக்காக எல்லாத் தீயையும் அணைத்திருக்கிறார்கள். 1960-களிலிருந்து அவர்களே அளவாகத் தீ வைக்கிறார்கள். அளவு மீறினால் இந்தப் பட்டையும் தாங்காது. 2020-ல் வந்த காட்டுத்தீயில் உலகத்திலுள்ள பெரிய செக்கோயாக்களில் பத்தில் ஒன்றாவது செத்திருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அடுத்த வருஷத் தீயில் ஷெர்மனின் அடிமரத்தை அலுமினியத் தாளால் சுற்றிக் காப்பாற்றினார்களாம், நாம் மீனைச் சுற்றுவோமே அந்த மாதிரி.

எனக்கு மனசில் நின்றது வேறொன்று. இந்த மரத்துக்கு ஆணிவேர் கிடையாது. வேர் ஆழமாகப் போகாமல் பக்கவாட்டில் வெகுதூரம் பரவுகிறது. முன்பு இந்தக் காட்டுக்குள் விடுதி, கடை, வீடு என்று 280-க்கு மேல் கட்டடங்கள் இருந்தன. வேர் கெடுகிறது என்று 1990-களின் கடைசியில் அத்தனையையும் எடுத்துவிட்டார்கள். மிஞ்சின பழைய கடைதான் இன்றைய அருங்காட்சியகம். தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளையும்தான் இடித்தார்கள், அது தாமான் என்கிற புது குடியிருப்பு கட்டுவதற்கு. நானும் நாத்தனாரும் அந்தப் பலகைக்கு முன்னால் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் நின்றோம்.

வால்டர் ஃப்ரை என்பவரைப் பற்றியும் மகள் சொன்னாள். 1888-ல் மரம் வெட்டுகிற கூலியாக வந்தவர். ஐந்து பேர் ஐந்து நாள் பாடுபட்டு ஒரு மரத்தைச் சாய்த்து, வளையத்தை எண்ணினால் 3,266. அதோடு வேலையை விட்டுவிட்டு, 1890-ல் இந்தப் பூங்கா உருவாகக் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவரானார். பிற்பாடு பூங்காவுக்கே பொறுப்பாளர். கையில் உளி பிடித்தவளுக்கு அந்த ஆளைப் புரிகிறது.

குறைகள் இல்லாமல் இல்லை. பாதையில் தேத்தண்ணீர்க் கடை கிடையாது, சாப்பாடு நாமே கொண்டுபோக வேண்டும். கொண்டுபோனதைக் காரில் விட்டுவிட்டு நடக்கவும் கூடாது. வாசனைக்குக் கரடி வந்து கதவைப் பெயர்த்துவிடுமாம், இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டச் சொல்கிறார்கள். எங்கள் மீகூன் கோரெங்கும் நெத்திலிச் சம்பலும் பெட்டிக்குள் போனது. பூங்காவுக்குள் பெட்ரோல் கிடையாது, மலை ஏறுமுன் நிரப்பிக்கொள்ளுங்கள். சாலை ஒரே வளைவு. தாப்பாவிலிருந்து பழைய சாலையில் கேமரன் போய் வாந்தி எடுத்தவர்கள் இங்கேயும் எடுப்பார்கள். நாங்கள் போனபோது காருக்கு 35 டாலர், ஏழு நாள் செல்லும். கட்டணம் மாறிக்கொண்டிருக்கிறது, கேட்டுவிட்டுப் போங்கள். ஜூன் என்றாலும் ஸ்வெட்டர் வேண்டும். சிலிப்பர் வேண்டாம், சப்பாத்து போடுங்கள். நாத்தனார் மாதிரி கீழே கிடக்கிற காயைக் கைப்பையில் போடாதீர்கள். எடுக்கக்கூடாது என்று சொல்லி மகள் திரும்பி நடக்கவைத்து, எடுத்த இடத்திலேயே போடவைத்தாள்.

என் மதிப்பெண்: பெரிய மரங்கள் பாதைக்கு ஐந்துக்கு ஐந்து. ஷெர்மன் பாதைக்கு மூன்றரை, அதில் அரை மதிப்பெண் அந்தப் பெஞ்சுகளுக்கு.