மேஜருக்கு மேஜர் ஏறும் பீஸ்: அரசு, எய்டட், செல்ஃப் பைனான்ஸ் மூன்றில் எங்கே எவ்வளவு நியாயம்?

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கம் எல்லா வீட்டிலும் எழும் கேள்வி, "எந்த காலேஜ்ல பீஸ் கம்மி?" என்பதுதான். காலேஜ் பெயரை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஒரே வாசலில் நுழையும் இரண்டு பேருக்கு மேஜரை, அதாவது முதன்மைப் பாடத்தைப் பொறுத்துப் பீஸ் மாறும். அதே மேஜரைக் காலை எய்டட் (அரசு உதவி பெறும்) பிரிவில் படித்தால் ஒரு தொகை, மாலை செல்ஃப் பைனான்ஸ் (அரசு உதவி இல்லாத) ஷிப்டில் படித்தால் வேறு தொகை. ஆகவே மேஜர், பிரிவு இரண்டையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும்.

முதலில் அரசு கல்லூரிகள். பிராட்வே பாரதி மகளிர் கல்லூரி, வியாசர்பாடி டாக்டர் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி, ஆர்.கே. நகர் அரசு கலை அறிவியல் கல்லூரி ஆகியவை வடசென்னைக்குப் பக்கம். அரசு கல்லூரிகளில் 2007-08 முதல் இளங்கலைக்கு டியூஷன் பீஸ் கிடையாது. மிச்சம் இருப்பது ஸ்பெஷல் பீஸ், பல்கலைக்கழகக் கட்டணம், தேர்வுக் கட்டணம். அறிவியல் மேஜருக்கு லேப் வகையில் கொஞ்சம் கூடும். ஆனால் தமிழ் இலக்கியம் எடுப்பவருக்கும் வேதியியல் எடுப்பவருக்கும் உள்ள அந்த வித்தியாசத்தைப் பார்த்து மேஜரை மாற்றிக்கொள்ளும் அளவுக்கு இங்கே ஒன்றும் இல்லை.

எய்டட் பிரிவில், அதாவது பழைய வண்ணாரப்பேட்டை சர் தியாகராயா கல்லூரி போன்ற இடங்களில், அனுமதிக்கப்பட்ட பணியிடங்களுக்கு அரசு சம்பளம் கொடுக்கிறது. அதனால் பீஸ் அரசு கல்லூரியை ஒட்டியே இருக்கும், சற்றுத்தான் கூட. செல்ஃப் பைனான்ஸ் கதை வேறு. ஆசிரியர் சம்பளம், கரண்ட் பில், கம்ப்யூட்டர் எல்லாமே மாணவர் கட்டும் பணத்திலிருந்துதான் வர வேண்டும். மேஜருக்கு மேஜர் பெரிய இடைவெளி விழுவது இங்கேதான்.

அந்த இடைவெளி எதற்காக என்று பார்த்தால்தான் நியாயம் தெரியும்.

வேதியியலை எடுத்துக்கொள்வோம். சொட்டுச் சொட்டாகக் கரைசல் விட்டு அளக்கும் டைட்ரேஷன் வகுப்பில் ஆளுக்கு ஒரு 50 மில்லி பியூரெட் (திருகு வைத்த அளவுக் குழாய்), ஒரு பிப்பெட், கோனிகல் பிளாஸ்க் தேவை. பிப்பெட் முனை கழுவும்போது குழாயில் இடித்து உடையும். கண்ணாடி ஸ்டாப்காக் உள்ள பியூரெட்டில் காரத்தை ஊற்றிக் கழுவாமல் விட்டால் திருகு இறுகிப்போகும், அத்தோடு அந்த பியூரெட் போச்சு. சில்வர் நைட்ரேட் போன்ற விலை கூடிய உப்புகள் ஒவ்வொரு பேட்சுக்கும் கரைந்துகொண்டே இருக்கும். ஆக, லேப் பீஸ் கேட்டால் அதற்குக் கண்ணால் பார்க்கக்கூடிய செலவு இருக்கிறது. மைக்ரோபயாலஜியில் இன்னும் அதிகம்: அகார் மீடியா, பெட்ரி தட்டு, ஆட்டோகிளேவ் ஓடும் கரண்ட் என்று ஒவ்வொரு பிராக்டிக்கலும் பொருளைத் தின்னும்.

கம்ப்யூட்டர் சயின்ஸும் பி.சி.ஏ.வும் இதற்கு நேர் எதிர். பைத்தான், ஜாவா, மை எஸ்.க்யூ.எல். எல்லாம் இலவசம். லேப் முடிந்த பிறகு தீர்ந்துபோன பொருள் என்று எதுவும் இருக்காது. வாங்கிய கம்ப்யூட்டர் பல பேட்ச் பார்க்கும். ஆனாலும் செல்ஃப் பைனான்ஸ் பிரிவில் வேதியியலைவிட இவற்றுக்குப் பீஸ் ஏறி நிற்பது வழக்கம். லேப் செலவு கூடுவதால் வந்த ஏற்றம் இல்லை இது, சீட்டுக்குக் கூட்டம் இருப்பதால் வந்தது. பி.காம். என்ற பெயருக்குப் பின்னால் 'கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்' ஒட்டிக்கொண்டதும் தொகை ஏறுவதும் இதே கணக்குதான். பி.காம். ஜெனரலோடு பாடத்திட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெரும்பாலான தாள்கள் ஒன்றாகவே இருக்கும்.

பணம் கட்டும் முன் லேபை ஒரு தடவை நேரில் பார்ப்பது நல்லது. அறுபது பேர் வகுப்புக்கு ஓடுகிற கம்ப்யூட்டர் எத்தனை, கரண்ட் போனால் யூ.பி.எஸ். தாங்குமா என்பதுதான் கேட்க வேண்டியது. ஒரு கம்ப்யூட்டருக்கு மூன்று பேர் உட்காரும் லேபுக்கு 'லேப் பீஸ்' தனியாகக் கேட்டால் அது தண்டம்.

கணிதத்துக்கு லேப் இல்லை, அதனால் எக்ஸ்ட்ரா பீஸ் இல்லை என்று நினைப்பவர்கள் அலைட் பாடத்தை, அதாவது மேஜரோடு வரும் துணைப் பாடத்தை மறந்துவிடுகிறார்கள். கணிதத்தோடு அலைட் இயற்பியல் வந்தால் அதற்கு பிராக்டிக்கல் உண்டு, ரெக்கார்டு உண்டு, பிராக்டிக்கல் தேர்வுக் கட்டணமும் உண்டு. புள்ளியியல் அலைடாக இருந்தால் இந்தச் செலவு பெரும்பாலும் குறையும். தாவரவியல், விலங்கியல் எடுப்பவர்களுக்கு அலைட் வேதியியல் சேர்ந்தால் இரண்டு லேப் ஆகிவிடும். அட்மிஷன் கவுண்டரில் மேஜரை மட்டும் கேட்காமல் அலைட் என்ன என்றும் கேளுங்கள்.

விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) பற்றிச் சுருக்கமாக: கல்லூரி வாங்கும் பீஸைவிட வெளியே ஆகும் செலவுதான் பெரிது. கேமரா வாடகை, பிரிண்ட், குறும்படச் செலவு எதுவும் எந்த சலானிலும் இருக்காது. துறையில் மாணவர் கையில் கொடுக்கும் கேமரா இருக்கிறதா என்பதே தீர்மானிக்கும் விஷயம்.

ஒப்பிடும்போது முதல் வருட சலானை மட்டும் பார்த்தால் ஏமாற்றம்தான். ஆறு செமஸ்டருக்கும் சேர்த்துப் போடுங்கள். ஒரு மேஜருக்கு செமஸ்டருக்கு 3,000 ரூபாய் கூடுதல் என்று வைத்துக்கொண்டால் மூன்று வருடத்தில் 18,000. இதன் மேல் ரெக்கார்டு நோட்டு, வெள்ளைக் கோட்டு, தேர்வுக் கட்டணம். ரெக்கார்டு நோட்டைக் கல்லூரி ஸ்டோரில்தான் வாங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லையென்றால் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் மொத்தமாக வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம்.

எதிர்ப்பக்கத்தில் வரவும் இருக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் புதுமைப்பெண் (மாணவியருக்கு), தமிழ்ப்புதல்வன் (மாணவர்களுக்கு) திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கணக்கில் விழும். மேஜர் எதுவானாலும் தொகை ஒன்றே. அரசு கல்லூரி மேஜரில் லேப் வகைக்குக் கூடும் தொகையை அதுவே தாங்கிவிடும். செல்ஃப் பைனான்ஸ் பீஸுக்கு அது காணாது.

எங்கள் வரிசை இதுதான். வேதியியல், மைக்ரோபயாலஜி ஆசை என்றால் அரசு, அடுத்து எய்டட். இந்த மேஜர்களுக்கு செல்ஃப் பைனான்ஸ் போவதாக இருந்தால் லேபைப் பார்த்த பிறகு மட்டும். கம்ப்யூட்டர் ஆசை இருந்து அரசு, எய்டட் சீட் கிடைக்கவில்லை என்றால், அதிகப் பீஸ் கட்டி மாலை ஷிப்டில் சேர்வதைவிட எய்டட் பிரிவில் கணிதம் எடுப்பது மேல். கணிதப் பட்டத்தை வைத்தும் எம்.சி.ஏ. சேரலாம், அந்தக் கதவு திறந்தே இருக்கும். வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க வேண்டியவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு மாறும். காலையில் கையில் கிடைக்கும் நேரத்துக்கு அவர்கள் கொடுக்கும் விலை அது.

நிறைய பேர் பணத்தை விடுவது தேதிக் குழப்பத்தில். செல்ஃப் பைனான்ஸ் சீட்டுக்கு ரிசல்ட் வந்த உடனே முழுப் பணமும் கேட்பார்கள். அரசு கல்லூரிக் கலந்தாய்வு அதற்குப் பிறகு வரும். அங்கே சீட் கிடைத்ததும், கட்டிய பணம் திரும்ப வராதோ என்ற பயம். பல்கலைக்கழக மானியக் குழுவான யூ.ஜி.சி. 2018 அக்டோபரில் வெளியிட்ட விதிப்படி, அட்மிஷனின் கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்பாக எழுதிக் கொடுத்து விலகினால் முழுத் தொகையும் தர வேண்டும். அதில் நடைமுறைச் செலவாக மட்டும் 5 சதவீதம் வரை, அதிகபட்சம் 5,000 ரூபாய் பிடிக்கலாம். அதற்குப் பிறகு கடைசித் தேதிக்குள் என்றால் 90 சதவீதம். தேதி தாண்டி 15 நாள் வரை 80, 16 முதல் 30 நாள் வரை 50, அப்புறம் ஒன்றும் இல்லை. ஒரிஜினல் மார்க்‌ஷீட்டைப் பிடித்து வைக்கவும் கூடாது. 2024-25க்கு யூ.ஜி.சி. இன்னும் தாராளமாக, செப்டம்பர் 30 வரை விலகினால் முழுத் தொகை, அக்டோபர் 31 வரை 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது என்றது. சேரும் வருடத்துக்கான தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். விலகல் கடிதத்தை நேரில் கொடுத்தால் நகலில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள், மின்னஞ்சலிலும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

ரசீதில் வராத பணம் ஸ்காலர்ஷிப்பிலும் வராது, கல்விக் கடனிலும் வராது. 'அசோசியேஷன்', 'டிபார்ட்மென்ட் பண்ட்' என்று துண்டுச் சீட்டில் வாங்குவது அந்த வகை. முத்திரையிட்ட ரசீது கேட்டாலே சில தொகைகள் தானாகக் குறையும்.

அறிவியல் மாணவர்கள் காஷன் டெபாசிட் (படிப்பு முடிந்ததும் திருப்பித் தரும் முன்பணம்) ரசீதைத் தனி உறையில் போட்டு வைக்க வேண்டும். மூன்றாம் வருடம் முடிந்து பாக்கி இல்லை என்று காட்டும் நோ டியூஸ் படிவத்தில் லேப் அசிஸ்டென்ட், நூலகம் இரண்டு கையெழுத்தும் வாங்கிய பிறகு, உடைந்த கண்ணாடிக்குப் பிடித்தது போக மீதி வரும். டி.சி. வாங்கும் அன்றே இதையும் கேட்டு வாங்கிவிட வேண்டும். பிறகு வரலாம் என்று விட்டவர்களில் பலர் அந்தப் பணத்துக்காகத் திரும்பப் போவதே இல்லை.